பழைய விண்வெளிப் படத்துக்குப் புதுச் சாயம்

கேள்வி: அண்ணே, ஸ்டார் வார்ஸ இப்போ இருக்குற பசங்களுக்காக முதல்ல இருந்து எடுத்தா ஓடுமா? என் பையன் பழசப் பாத்துட்டு பாதியிலயே போன் நோண்ட ஆரம்பிச்சுட்டான்.
– வாசகர், பாலக்கோடு

பதில்: ஓடும்ங்க, எதை மாத்துறோம்ங்கிறதுலதான் இருக்கு. 1977ல வந்த அந்தப் படமே அப்படிப் பொறந்ததுதான், டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் ஃபிளாஷ் கார்டன்ங்கிற பழைய விண்வெளிக் கதைய எடுக்கத்தான் ஆசப்பட்டாரு, உரிமை கெடைக்கல, சரின்னு சொந்தமா ஒரு உலகத்தயே கட்டி, ஜப்பான் டைரக்டர் குரோசவாவோட 1958 படத்துல வர்ற ரெண்டு குடியானவங்கள ரோபோவா மாத்தி உள்ள விட்டுட்டாரு.

நம்ம பக்கம் திரௌபதியம்மன் கோயில் கூத்தப் பாருங்க, கட்டியங்காரன் இந்த வருசத்து தக்காளி வெலயப் பேசுவான், சனம் சிரிக்கும், ஆனா படுகளத்துல துரியோதனன் சாகலைன்னா சும்மா விடுமா? அதே மாதிரி இதுலயும் வேகத்த மாத்தலாம், பொம்பளைங்களுக்கு வேலை குடுக்கலாம் (மொதப் படத்துல இளவரசி லேயாவ விட்டா பேசுற பொம்பளைய தேடணும்). விண்கப்பல மட்டும் பளபளன்னு ஆக்கிடாதீங்க, அந்த அழுக்கும் கீறலும்தான் அழகே. 2015ல வந்த ஸ்டார் வார்ஸ் படம் பழசயே கிட்டத்தட்ட திருப்பிச் சொல்லிச்சு, வசூல் கொட்டுச்சு, எனக்கென்னவோ பத்தல.

பையன் கையில இருந்து போன வாங்கி வெச்சுட்டு இன்னொரு தடவ போட்டுப் பாருங்களேன்.