யூகலிப்டஸ், ரோடோடென்ட்ரன்: எந்த அசையை அழுத்துவது?

தொட்டபெட்டாவில் வழிகாட்டியாக இருக்கிறீர்கள், யூகலிப்டஸ், ரோடோடென்ட்ரன் என்று மரங்களின் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் வெளிநாட்டுப் பயணிகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எழுத்தொலியில் பெரிய கோளாறு இருக்காது. அழுத்தம்தான் இடம் மாறியிருக்கும். தமிழ்ப் பழக்கத்தில் நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒன்று ஓங்கும், பக்கத்தில் உள்ளவை தேய்ந்துபோகும்.

எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டு உயிரொலிகளை மட்டும் எண்ணுங்கள். யூ-க-லிப்-டஸ், நான்கு. ரோ-ட-டென்-ட்ரன், அதுவும் நான்கு. இரண்டிலும் மூன்றாவதை ஓங்கிச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய 'க', 'ட' இரண்டும் பட்டும் படாமல் போகட்டும்.

அப்புறம் ஊட்டி தாவரவியல் பூங்கா. பாட்டனி என்றால் அழுத்தம் முதல் அசையில். பொட்டானிக்கல் என்றதும் அது இரண்டாவதுக்குத் தாவிவிடும். காரணம் சொல்லின் வால். இக், இக்கல், ஷன் என்று முடிந்தால் பெரும்பாலும் வாலுக்கு முந்தைய அசைதான் அழுத்தம் வாங்கும். ஃபோட்டோகிராஃப் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபிக் மூன்றாவதில். பாலிடிக்ஸ் மட்டும் முதல் அசையிலேயே நிற்கும். அரசியல் எந்த விதிக்கு அடங்கியது! நீங்கள் தினமும் சொல்லும் ஃபோட்டோகிராஃபி இரண்டாவதில்: ஃப-டா-க்ர-ஃபி.

சந்தேகம் வந்தால் அகராதியில் உச்சரிப்பைப் பாருங்கள். மேலே சின்ன நெட்டுக்கோடு எந்த அசைக்கு முன்னால் இருக்கிறதோ அதுதான். கீழே உள்ள கோடு இரண்டாம் நிலை அழுத்தம், இப்போதைக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டாம். வேறு எந்தச் சொற்கள் தொல்லை தருகின்றன என்று எழுதுங்கள், பிரித்துப் பார்க்கலாம்.