"அப்பாகிட்ட சொன்னா ஐபேட் போயிடும்"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மையாருக்கு,

உட்லண்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 11 வயது, தொடக்கநிலை ஐந்து. எனக்கு ஜூரோங் தீவில் ஷிப்டு வேலை, மனைவி தாதி, அவருக்கும் ஷிப்டுதான். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் என் அம்மா மட்டும் இருப்பார், அவருக்கு டிவி ரிமோட்டைத் தாண்டி எதுவும் தெரியாது. பையன் ஐபேடில் ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டு விளையாடுவான். எல்லாப் பிள்ளைகளும் விளையாடுவதுதானே என்று விட்டிருந்தோம்.

போன வாரம் ஐபேடுக்குச் சார்ஜ் போட எடுத்தபோது டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு செய்தி வந்தது. ரோபக்ஸ் (ரோப்லாக்ஸில் செலவழிக்கும் பணம்) வாங்கிக்கொண்டாயே, படம் எங்கே என்று கேட்டிருந்தது. திறந்து முழுவதும் படித்தேன். அந்த ஆள் தனக்கு 15 வயது, யீஷூனில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். ரோப்லாக்ஸில் பழகி, ரோபக்ஸ் பரிசு கொடுத்து, அப்புறம் டிஸ்கார்டுக்கு வரச் சொல்லி, முகத்தைக் காட்டு என்று கேட்டு, என் மகனும் பள்ளிச் சீருடையோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கடைசியாகச் சட்டை இல்லாமல் ஒரு படம் கேட்டிருக்கிறான். அதை இவன் அனுப்பவில்லை. "அப்பா அம்மாகிட்ட சொல்லாதே, சொன்னா உன் ஐபேட் போயிடும்" என்று அவன் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறான்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கத்தினேன், ஐபேடை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணக்கை அழித்துவிட்டு இதோடு விடுவோம், போலீஸ் என்று போனால் பள்ளியில் பரவிவிடும், பையன் பெயர் கெடும் என்கிறார் மனைவி. எனக்குப் புகார் கொடுத்தே ஆகவேண்டும். அடுத்த வருடம் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடியும்வரை வீட்டில் அவனுக்கு இணையமே கிடையாது என்றும் முடிவு செய்திருக்கிறேன். நான் செய்வது சரிதானே?

— ஒரு தந்தை

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் அவசரமான வேலையைச் சொல்லிவிடுகிறேன். கணக்கை அழிக்காதீர்கள். உங்கள் கைப்பேசியால் அந்த உரையாடலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படம் பிடியுங்கள், அந்த ஆளின் பயனர் பெயர், தேதி, ரோபக்ஸ் வந்த விவரம் எல்லாம் தெரியவேண்டும், ரோப்லாக்ஸ் பக்கத்தையும் சேர்த்து. அதன் பிறகு அவனை பிளாக் செய்து, இரண்டு செயலிகளிலும் புகார் பட்டனை அழுத்துங்கள். உங்கள் மகன் மாதிரி நடித்து அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நிறைய அப்பாக்களுக்கு அந்த ஆசை வருகிறது. இந்த உரையாடலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம்.

புகார் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், காவல்துறையின் இணையத்தளத்திலும் கொடுக்கலாம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு பெரியவர் ஒருவர் பாலியல் நோக்கத்தில் பேசுவதே 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தனிக் குற்றம். படம் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும், நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. அவன் உண்மையிலேயே 15 வயதுப் பையனா, 40 வயது ஆளா என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. உங்கள் மனைவியின் பயம் எனக்குப் புரிகிறது, நம் வீடுகளில் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது, புகார் கொடுத்த நேரத்திலிருந்தே அந்தப் பாதுகாப்பு உண்டு. பள்ளியிலும் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ தனியாகப் பேசுங்கள், சீருடைப் படம் அந்த ஆளிடம் இருப்பதால் பள்ளிக்குத் தெரிவிப்பது நல்லது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. ஐபேடைப் பூட்டியது சரியா? எனக்கு அதில் சம்மதமில்லை.

"சொன்னா உன் ஐபேட் போயிடும்" என்று அந்த ஆள் சொன்னான். உங்கள் மகன் சொல்லக்கூட இல்லை, உங்களுக்குத் தெரிந்தது, ஐபேட் போய்விட்டது. பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள், அந்த ஆள் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே! இப்படிப் பழகும் ஆட்கள் பிள்ளையின் வாயை அடைக்க ரொம்ப யோசிப்பதில்லை, பெற்றோர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள், அவ்வளவுதான். பிறகு நாமே அதைச் செய்து காட்டுகிறோம். அடுத்த முறை வேறு ஒருவன் வந்து மிரட்டினால் பையன் உங்களிடம் வருவானா? அதுதான் என் கவலை, ஐபேட் இல்லை.

அதனால் அவனிடம் முதலில் பேச வேண்டியது நீங்கள்தான், அம்மாவை அனுப்பாதீர்கள், கத்தியவர் நீங்கள் அல்லவா. எதிரே உட்காரவைத்து விசாரணை வேண்டாம். புளோக்குக்குக் கீழே நடந்துகொண்டோ, சாப்பாட்டுக் கடைக்குப் போகும் வழியிலோ பேசுங்கள், பையன்கள் பக்கத்தில் நடக்கும்போது வாயைத் திறப்பார்கள். "நான் கோபப்பட்டது அந்த ஆள்மேல, உன்மேல இல்லடா. கடைசிப் படத்தை நீ அனுப்பாம இருந்தது பெரிய விஷயம். இனிமே இந்த மாதிரி எது வந்தாலும், நீயே ஏதாவது அனுப்பியிருந்தாலும், என்கிட்ட சொன்னதுக்காக எதையும் புடுங்க மாட்டேன்." இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தைச் சொன்னால் நீங்கள் அதைக் காப்பாற்றியே ஆகவேண்டும். அவன் உடனே எதுவும் சொல்லாமல் இருக்கலாம், நீங்கள் பார்த்ததைவிடக் கூடுதலாக ஏதாவது நடந்து அழிக்கப்பட்டும் இருக்கலாம், தோண்டாதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள். பெண் பிள்ளை என்றால் நாம் சின்ன வயதிலேயே நாலு விஷயம் சொல்லி வளர்க்கிறோம், பையனுக்கு யார் சொல்கிறார்கள்? தனக்கு இப்படி நடக்கும் என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது, நடந்தபின் வெட்கம் வேறு.

பிஎஸ்எல்இ வரை இணையமே இல்லை என்பது நடக்கிற காரியமா? பள்ளிப் பாடம் எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் வரும், மற்றதை நண்பனின் கைப்பேசியில் பார்த்துக்கொள்வான், அப்போது உங்கள் கண்ணில் எதுவும் படாது. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை தவிர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திரை போதும் என்பது சுகாதார அமைச்சின் ஆலோசனை, நல்ல ஆலோசனைதான், ஆனால் அந்நியன் பழகுவதற்கு அந்த இரண்டு மணி நேரமே தாராளம். எனவே நேரத்தோடு நிறுத்தாமல், யாரோடு பேசுகிறான் என்பதைப் பாருங்கள்.

டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்ச வயது 13. ஆதாரத்தைக் கொடுத்து முடித்தபின் அது போகட்டும், இது தண்டனை இல்லை, வயது வரவில்லை என்று அவனிடம் விளக்கிவிடுங்கள். ரோப்லாக்ஸில் முதலில் பிறந்த வருடத்தைப் பாருங்கள், பல பிள்ளைகள் பொய் வருடம் போட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள், பெரியவர் என்று பதிவாகியிருந்தால் சிறுவர்களுக்கான கட்டுப்பாடுகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பிறகு உங்கள் பெயரில் பெற்றோர் கணக்கு ஒன்று தொடங்கி அவனுடையதோடு இணைத்தால் அவன் நண்பர்கள் பட்டியல், அரட்டை, மாதச் செலவு வரம்பு எல்லாம் உங்கள் கைக்கு வரும். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள், உங்களைவிட வேகமாக அவனே செய்து காட்டுவான். 'ஓசியில் ரோபக்ஸ் தருகிறேன்', 'வேறு செயலிக்கு வா', 'வீட்டில் சொல்லாதே', இந்த மூன்றில் எது வந்தாலும் உங்களிடம் காட்ட வேண்டும் என்பது ஒன்றே வீட்டு விதியாக இருக்கட்டும்.

உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுக்காதீர்கள். ஐபேட் ஹாலில் மட்டும், பாட்டி டிவி பார்க்கும் நேரத்தில், இரவில் உங்கள் அறையில் சார்ஜ். பாட்டி திரையைப் படிக்க வேண்டாம், பேரன் முகம் மாறினால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிப்பது தொடர்ந்தால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். உங்களிடம் சொல்ல முடியாததை அவன் வேறு ஒருவரிடம் சொல்ல விரும்பினால் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கல் ஃபிரெண்ட் எண்ணை, 1800 2744 788, அவனிடமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே உள்ளது.

இன்னும் ஒன்று. அந்த ஆள் வேறு பெயரில் திரும்பி வந்து "உன் பள்ளி எனக்குத் தெரியும், படத்தைப் பரப்பிவிடுவேன்" என்று மிரட்டக்கூடும். இதை மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வந்தால் பதில் போட வேண்டாம், காசோ வேறு படமோ கொடுக்க வேண்டாம், வந்ததை அப்படியே படம் பிடித்து உங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் சேர்த்துக் கொடுங்கள்.