கணக்கில் ஏறாத பாட்டு: வாசகர் கேள்வி-பதில்

பெரம்பூர் வாசகர்: பாட்டு கேட்கும் ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுகிறேன். அதே பாட்டுகளை யூடியூபிலிருந்து இறக்கி கார் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் தப்பா?

தப்புதான். சந்தா கட்டிய ஆப்பிலேயே ஆஃப்லைன் வசதி இருக்கிறது. நெட் இல்லாதபோது கேட்டாலும், திரும்ப நெட் வந்ததும், பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கில் ஏறிவிடும். அதை வைத்துத்தான் கலைஞருக்குப் பணம். பென் டிரைவில் ஓடுவது யார் கணக்கிலும் ஏறாது.

வியாசர்பாடி வாசகர்: நான் எழுதிப் பாடிய கானாவை வேறொருவர் தன் சேனலில் போட்டு 2 லட்சம் வியூஸ் வாங்கிவிட்டார். என்ன செய்யலாம்?

பீட், அதாவது பாட்டுக்குப் பின்னால் ஓடும் இசை, யாருடையது, தம்பி? முக்கியமானதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் சும்மா கிடைத்த பீட் என்றால் இன்னும் நூறு பேர் அதை எடுத்திருப்பார்கள். நீங்கள் புகார் கொடுத்தால் உங்கள் மேலேயே காப்புரிமை க்ளைம் வரலாம். பீட்டும் உங்களுடையது என்றால் இன்றே யூடியூபின் காப்புரிமைப் புகார் படிவத்தை நிரப்புங்கள். அடுத்த பாட்டை, ஆப்புகளுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்ஆர்சி அடையாள எண்ணோடு விடுங்கள். பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்: பதிவு செய்யாத பாட்டுக்குப் பணம் வராது.

கே.கே. நகர் வாசகர்: இசையமைப்பாளர் கோடியில் சம்பளம் வாங்குகிறார். நான் டெலிகிராமில் ஒரு ஆல்பம் இறக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

25 வருஷமாக இதே கேள்வி. கோடி வாங்குபவருக்கு நஷ்டம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் சம்பளம் படம் தொடங்கும்போதே பேசி முடித்தது. அடி விழுவது கீழே இருப்பவர்களுக்கு.

அண்ணா சாலையில் கேசட் கடை கவுன்டரில் நின்றவன் நான். கேசட் 40 ரூபாய், பத்துப் பன்னிரண்டு பாட்டு. பர்மா பஜாரில் திருட்டு எம்பி3 தட்டு 30 ரூபாய், 150 பாட்டு. இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் வியாபாரம் பாதியானது. வெளியுலகிலும் இதுதான் நடந்தது. 1999-ல், இணையத்தில் பாட்டு ஃபைல்களை இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் வந்தது. அடுத்த 15 வருஷத்தில் உலகப் பதிவிசை வருமானம் ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. ஆடியோ உரிமைக்கு வரும் தொகை குறைந்தால் தயாரிப்பாளர் இசைச் செலவில் கை வைப்பார். கோடம்பாக்கம், வடபழனி ஸ்டூடியோக்களில் வயலின் வரிசை உட்கார்ந்த இடத்துக்கு ஒரு கீபோர்டு வந்தது. கீபோர்டு வளர்ந்ததும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்ஜெட் இருக்கும் படத்துக்கு இன்றும் வயலின்காரர்களைக் கூப்பிடுகிறார்களே!

பாடலாசிரியரைப் பாருங்கள். 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம், பாட்டின் உரிமையை வாங்கியவரோடு ராயல்டியைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் உரிமையை அவருக்கும் இசையமைப்பாளருக்கும் கொடுத்தது. பங்கு பிரிக்க முதலில் தொகை வர வேண்டாமா? ஒரு முறை கேட்டால் சில பைசா. அதுவும் ஓடியது பதிவானால்தான். சின்னக் கலைஞர் பாடு இன்னும் மோசம். 2024 முதல் ஸ்பாட்டிஃபை ஆப்பில் 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. 900-ல் நிற்கும் பாட்டை நூறு பேர் டெலிகிராமில் கேட்டிருந்தால், அந்த நூறு பேர்தான் அவருக்குப் பணம் வராமல் செய்தவர்கள்.

நீங்கள் இறக்கிய ஃபைலின் விவரத்தைத் திறந்து பாருங்கள். கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு திருட்டுத் தளத்தின் பெயர் இருக்கும். கேசட் அட்டையில் பாட்டுக்குப் பாட்டு எழுதியவர், பாடியவர் பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் காசையே எடுப்பார்.

அண்ணா நகர் வாசகர்: பழைய பாட்டுகளுக்குக் காப்புரிமை கிடையாதாமே?

எவ்வளவு பழையது? வருஷம் போட்டு எழுதுங்கள். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம். வரிக்கும் மெட்டுக்கும் வேறு கணக்கு: படைத்தவர் ஆயுள், அதன்பின் 60 வருஷம். கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு.

நுங்கம்பாக்கம் வாசகர்: என் சொந்தச் சந்தாவில் காபிக் கடையில் பாட்டு போடலாமா?

கூடாது. அந்தச் சந்தா உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். கடைக்குத் தனி உரிமம் வாங்குங்கள்.

போரூர் வாசகர்: தங்கை கல்யாணத்துக்கும் உரிமம் வேண்டுமா?

கல்யாணச் சடங்குக்கும் அதையொட்டிய கொண்டாட்டத்துக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆபீஸ் ஆண்டு விழாவுக்குக் கிடையாது.