ஏஜென்டுக்குப் பணம் கட்டினால் வெளிநாட்டு உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: சமூகப்பணியில் இளங்கலை முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். அப்பா விவசாயக் கூலி. சாதியும் நில உரிமையும் பற்றி லண்டனில் முதுகலை படிக்க ஆசை. மத்திய அரசின் உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி 75,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? – வாசகி, திண்டிவனம்

கட்டாதீர்கள். அப்பா கடன் வாங்கியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு இணையத்தில் நீங்களேதான் விண்ணப்பிக்கிறீர்கள். ‘டெல்லியில் நமக்கு ஆள் இருக்கு’ என்பதெல்லாம் கதை. ஏஜென்டுகள் பலருக்குப் பல்கலைக்கழகமும் கமிஷன் தருகிறது. கமிஷன் தரும் இடத்துக்குத்தான் உங்களைத் தள்ளுவார்கள். ஆனால் க்யூ.எஸ். என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் அந்தப் பல்கலைக்கழகம் முதல் 500-க்குள் இருந்தால்தான் இந்த உதவித்தொகை. போன வருஷம் ஒரு பெண் சேர்க்கைக் கடிதத்தோடு வந்தார். தங்க முத்திரை, வழவழப்பான தாள். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘நிபந்தனைக்கு உட்பட்டது’. அதை வைத்து என்ன செய்வது? நிபந்தனையற்ற கடிதம்தான் செல்லும்.

வயது 35-க்குள், 60 சதவீத மதிப்பெண், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள். இதில் உங்களுக்குச் சிக்கல் வராது என்றே நினைக்கிறேன்.

சிக்கல் உங்கள் தலைப்பில்தான், ஏஜென்ட் வாயே திறக்காத இடம் அது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வு எதற்கும் பணமில்லை என்று 2022-ல் விதியை மாற்றிவிட்டார்கள். வளர்ச்சியியல், சமத்துவமின்மை என்று பொதுவான படிப்பாக இருந்தால் இடிக்காது. தென்னாப்பிரிக்க நில உரிமை என்றாலும் சரி. திண்டிவனத்து நிலம் என்றால்தான் கூடாது! அம்பேத்கர் 1916-ல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையே இந்தியச் சாதிகளைப் பற்றியது. அவர் படிக்கப் பணம் தந்த பரோடா மன்னர் இப்படி விதி போடவில்லை. அதற்காகத் தலைப்பை மட்டும் மாற்றி எழுதி ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் மாட்டுவது நீங்கள்தான்.

அப்புறம், பட்டியலில் பேர் வந்தவுடன் வேலையை விட்டுவிடாதீர்கள். 2025-ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு ‘நிதி இருந்தால்’. தேர்ந்தெடுக்கும் முன்பே பணத்தை எண்ணிப் பார்க்க மாட்டார்களா?

அதனால் பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். கட்டணமில்லை, தலைப்புக்கும் இந்தத் தடையில்லை. 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்பார்கள். தொண்டு நிறுவன வேலையும் கணக்கில் வரும். வருகைப் பதிவேட்டை இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.