ஏற்காட்டில் ஜாம் பாட்டில் மூடி இறுகவில்லையா?
ஏற்காட்டு ஆரஞ்சில் ஜாம் போட்டு, நிரப்பிய பாட்டிலைத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டும் மூடி இறுகவில்லை, தனிக் கருவியும் இல்லை என்கிறீர்கள். கருவி வேண்டாம், பெரிய குண்டான் போதும். நேரம்தான் பற்றவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் 10 நிமிடம் என்றால் மலைமேல் 20.

குண்டானின் அடியில் துணி மடித்துப் போடுங்கள். பாட்டிலில் மேலே கால் அங்குலம் விட்டுச் சூடாக நிரப்பி, விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு துளி ஜாம் ஒட்டியிருந்தே எனக்கு ஒருமுறை மூடி பிடிக்கவில்லை. புது மூடியை விரல் நுனியால் மட்டும் திருகுங்கள், காற்று வெளியேற வேண்டும். மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கட்டும்.

20 நிமிடம் கொதித்ததும் வெளியே எடுத்து, ஒரு நாள் அசைக்காதீர்கள். மூடியின் நடுப்பகுதி குழிந்திருந்தால் சரி. அழுத்தும்போது ‘டக்’ என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பீன்ஸ், கேரட்டை மட்டும் இப்படிப் போடவே போடாதீர்கள். புளிப்பில்லாத காயில் நஞ்சை உண்டாக்கும் கிருமி கொதிநீரிலும் சாகாது.