மதில் இல்லாத வீதிகள்: ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் இந்தக் குடியிருப்பு எப்படி உருவானது?

பதில்: கோல்டர்ஸ் கிரீனுக்குச் சுரங்க ரயில் வரப்போகிறது என்றதும் ஹென்றியட்டா பார்னெட் என்ற சமூக சீர்திருத்தவாதி பதறிவிட்டார். ரயில் வந்தால் பக்கத்திலுள்ள ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய புல்வெளியின் ஓரம் வரை வீடுகள் நெருக்கியடிக்கும். முதலில் 80 ஏக்கரை ஹீத்தோடு சேர்த்துக் காப்பாற்றினார்கள். அப்புறம் பக்கத்தில் 243 ஏக்கரை வாங்கி 1907இல் கட்ட ஆரம்பித்தார்கள். கிழக்கு லண்டனில் உள்ள ஒயிட்சேப்பலின் ஏழைகள் நடுவே பல வருடம் வாழ்ந்தவர் அவர். பணக்காரரும் தொழிலாளியும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

வரைபடம் கட்டடக் கலைஞர்கள் ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும் போட்டது. வீதிகள் அகலமாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியை, 1906இல் தனிச் சட்டமே கொண்டுவந்து தளர்த்தினார்கள். அதனால்தான் அந்த அழகான முட்டுச்சந்துகள். ஏக்கருக்குச் சராசரி எட்டு வீடு. எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே குறைந்தது 50 அடி. மதிலுக்குப் பதில் வேலிச்செடி. நடந்து போனால் கண் மட்டத்தில் பச்சை, அதற்கு மேல் ஓட்டுக்கூரை, புகைபோக்கி. வீட்டைவிட அந்த வேலிதான் ஊரின் முகம்.

கேள்வி: புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸா இங்கேயும்?

பதில்: அவரேதான், டெல்லிக்கு முன்பே. நடுச் சதுக்கத்தில் கூர்கோபுரத்தோடு ஒரு தேவாலயம், எதிரே குவிமாடத்தோடு இன்னொன்று.

கேள்வி: மரச் சன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சன்னல்களின் மெல்லிய மரச்சட்டம் பிளாஸ்டிக்கில் தடித்துவிடும், வீட்டின் முகமே மாறிவிடும். 1967 சட்டத்தால், குத்தகை நிலத்தில் வீடு வைத்திருந்தவர்கள் அந்த நிலத்தையும் வாங்க முடிந்தது. அப்படி வாங்கிய பிறகும் ஊரின் தோற்றம் கெடாமல் இருக்க 1974இல் நிர்வாகத் திட்டம் வந்தது. சொந்த வீடானாலும் வெளிப்புறத்தை மாற்ற, ஊரின் தோற்றத்தைக் காக்கும் டிரஸ்ட் என்ற அமைப்பின் அனுமதி வேண்டும். 1968 முதல் இந்த ஊர், பழைய தோற்றத்தைக் காக்க வேண்டிய பாதுகாப்புப் பகுதியும்கூட.

கேள்வி: பின்பக்கச் சன்னல்?

பதில்: அதுவும் வெளிப்புறம்தான். முதலில் டிரஸ்டிடம் கேளுங்கள்.

கேள்வி: முன்வேலியை எடுத்து கார் நிறுத்த?

பதில்: மறுபடியும் சொல்கிறேன், முதலில் டிரஸ்ட். வேலியில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

கேள்வி: தொழிலாளிக்காகக் கட்டியது இன்று கோடீஸ்வரர் ஊர். தோல்விதானே?

பதில்: விலையைப் பார்த்தால் ஆமாம், அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் இங்கே கற்றதை அன்வின் வெளியே கொண்டுபோனார். தொழிலாளர் வீடுகள் பற்றி 1918இல் வந்த டியூடர் வால்டர்ஸ் அரசு அறிக்கையில் அவர் கை உண்டு. நகரத்தில் ஏக்கருக்கு 12 வீடு, தோட்டம், வெளிச்சம் என்று சொன்னது அது. முதல் உலகப் போருக்குப் பின் நகராட்சிகள் கட்டிய தொழிலாளர் வீடுகள் அந்த வழியில் எழுந்தவை.

கேள்வி: மதுக்கடையே வைக்கவில்லையே, அது ஏழைகள் மேல் ஒழுக்கத்தைத் திணிப்பது இல்லையா?

பதில்: அதில் நியாயம் உண்டு. கடைகளையும் ஓரத்துக்குத் தள்ளினார்கள்; நடுச் சதுக்கம் இன்றும் வெறிச்சோடித்தான் கிடக்கிறது. ஆனால் 1909இல் கட்டடக் கலைஞர் பெய்லி ஸ்காட் இங்கே கட்டிய வாட்டர்லோ கோர்ட்டையும் பாருங்கள். வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கு, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் வைத்த வீடுகள். அன்றைக்கு அவர்களை நினைத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர்?