விரிசலை அடைக்கும் முன் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள்

கேள்வி: வீட்டுப் பட்டறையில் நானே தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசை செய்தேன். நான்கு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிய மேற்பலகை, 1200 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம். மழைக்காலத்தில் செய்தது. மேற்பலகையைக் கீழிருந்து நான்கு சட்டங்களிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். மேல்பக்கம் மட்டும் பாலிஷ் அடித்தேன். வெயில் காலம் வந்ததும் ஒரு முனையில் விரிசல் விட்டு, ஒரு சாண் நீளத்துக்கு ஓடிவிட்டது. நடுப்பகுதியும் லேசாக மேடு தட்டுகிறது. நன்றாகக் காய்ந்த மரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு எதையும் அடைக்காதீர்கள். உங்கள் மரம் மோசமான மரம் இல்லை. அது சுருங்கப் பார்க்கிறது, ஸ்க்ரூக்கள் விடவில்லை, அதனால் பிளந்துகொண்டது. விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்று மேசைக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அநேகமாகக் குறுக்குச் சட்டத்தின் (மேசையின் அகலவாக்கில் இருக்கும் சட்டம்) மேலே, அடுத்தடுத்த இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவில்தான் இருக்கும்.

மரம் எவ்வளவு காய்ந்திருந்தாலும் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நிழலில் காயவைத்த பலகையில் 12 முதல் 15 சதவீதம் ஈரம் இருக்கலாம். அதே பலகை ஏசி ஓடும் மூடிய அறையில் 8, 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே விற்றவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு ஏற்ற அளவுக்கு அது காயவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஈரம் ஏறி இறங்கும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசைவதில்லை. நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், உங்கள் 1200 மி.மீ. பலகை அரை மில்லிமீட்டர்கூட மாறாது. அகலத்தில்தான் விஷயமே. தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கியது. அதிலேயே ஈரம் 5 சதவீதம் குறைந்தால், 600 மி.மீ. அகலப் பலகை சுமார் 5 மி.மீ. சுருங்கும். இது மரத்தின் வளர்ச்சி வளையங்களைத் தொட்டாற்போல் அறுத்த சாதாரணப் பலகைக்கு. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகையாக இருந்தால் ஏறக்குறைய இதில் பாதி. குறுக்குச் சட்டத்தின் நாரோ மேற்பலகையின் அகலவாக்கில் ஓடுகிறது, அதனால் அந்தத் திசையில் அது சுருங்கவே சுருங்காது. ஒன்று 5 மி.மீ. உள்ளே வர வேண்டும், இன்னொன்று அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாருக்குக் குறுக்கே இழுத்தால் மரத்துக்கு வலுவே கிடையாது. அறுத்த முனை வழியாக ஈரம் மற்ற இடங்களைவிட வேகமாக வெளியேறுவதால், பிளவும் முனையில்தான் ஆரம்பிக்கும்.

நடுவில் மேடு தட்டியதற்குக் காரணம் பாலிஷ். மேல்பக்கம் மூடியிருக்கிறது, அடிப்பக்கம் வெறுமனே கிடக்கிறது. வெயில் காலத்தில் அடிப்பக்கம் வேகமாகக் காய்ந்து சுருங்க, பலகை மேல்நோக்கி வளைகிறது.

சரி, இப்போது என்ன செய்வது? எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி மேற்பலகையைத் தனியாக எடுங்கள். தரையில் படுக்கப் போடாமல், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்திவைத்து இரண்டு வாரம் விடுங்கள். கழற்றிய உடனேயே விரிசல் ஓரளவு மூடிவருவதைப் பல நேரம் பார்க்கலாம். மேடும் பாதி இறங்கிவிடும். ஈரம் ஒரே நிலைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எடை பார்த்தால் போதும். வாரம் ஒரு முறை எடை போடுங்கள், எடை மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

அப்புறம் பசை இல்லாமல் கிளாம்ப் மட்டும் போட்டு விரிசலை மூடிப் பாருங்கள். மிதமான இறுக்கத்தில் மூடிக்கொண்டால் நல்லது. ஊசி இல்லாத சிரிஞ்சால் மரப்பசையை உள்ளே செலுத்தி, கிளாம்பை லேசாக இறுக்கித் தளர்த்தி, பசை ஆழம்வரை போன பிறகு முழுதாக இறுக்கி ஒரு நாள் விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினால்தான் மூடுகிறது என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி வலுக்கட்டாயமாக ஒட்டிய இடம், இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்து இடம், திரும்பவும் விரிசல் விடும்.

அந்த நிலையில் விரிசல் வழியாகவே பலகையை நீளவாக்கில் முழுதாக அறுத்து, ஓரங்களை இழைத்து, மறுபடி ஒட்டுவதுதான் சரியான வழி. மனசு கேட்காதுதான், ஆனால் 6, 7 மி.மீ. அகலம் போனால் மேசைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இதற்கு இழைப்புளியின் அலகு நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். அறுத்த இரண்டு துண்டுகளின் மேல்பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி புத்தகத்தை மூடுவது போல் மடக்கி, வைஸில் பிடித்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்தே இழையுங்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்தாலும், விரித்துச் சேர்க்கும்போது ஒரு பக்கத்துச் சாய்வை மறுபக்கத்துச் சாய்வு சரிசெய்துவிடும். சீவல் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஒரே சுருளாக வர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். முனைகளில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். நடுவில் மட்டும் முடி அளவு வெளிச்சம் தெரிவது நல்லதே, கிளாம்ப் அதை மூடும்போது முனைகள் இன்னும் இறுக்கமாகச் சேரும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்த அன்றே, முடிந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். நாள் கடந்துவிட்டால் அசிட்டோன் தொட்ட துணியால் ஓரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். கிளாம்புகளை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் பலகை வளையாது. ஒட்டு நெடுகப் பசை சின்னச் சின்ன மணிகளாகப் பிதுங்கினால் அளவு சரி. நன்றாக ஒட்டிய ஒட்டு மரத்தைவிட உறுதியாக நிற்கும்.

மரத்தூள் பசையை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், வெயில் காலத்தில் விரிந்த விரிசலில் அதை அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் மரம் விரிய இடமிருக்காது. அடைத்தது ஆப்பாக உள்ளே நின்று பக்கத்து நாரை நசுக்கும். அடுத்த வெயிலில் அதற்குப் பக்கத்திலேயே புதுக் கோடு விடும். ஆணித் துளைக்கும் சின்னப் பள்ளத்துக்கும் மரத்தூள் பசை போதும்.

திரும்பப் பொருத்துவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நான் சிபாரிசு செய்வது மரக் கொக்கிக் கட்டைகள். சட்டத்தின் உட்பக்கத்தில், மேல்விளிம்பிலிருந்து 12 மி.மீ. கீழே, 8 மி.மீ. அகலத்தில் ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டுங்கள். ஒரு சின்னக் கட்டையில் காடிக்குள் நுழையும் நாக்கு ஒன்றை வெட்டி, கட்டையை மேற்பலகையின் அடியில் ஸ்க்ரூவால் பிடியுங்கள். கட்டையின் மேல்பரப்புக்கும் நாக்கின் மேல்பக்கத்துக்கும் உள்ள இறக்கம் 11 மி.மீ. இருக்கட்டும். அந்த ஒரு மில்லிமீட்டர் குறைவுதான் பலகையைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கும். நார் நாக்கின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முதல் இறுக்கலிலேயே நாக்கு உடைந்துவிடும்.

வெயில் காலத்தில் பொருத்துகிறீர்கள் என்றால் பலகை இனி விரியத்தான் போகிறது. அதனால் நீளச் சட்டங்களின் ஓரத்தில் கட்டையின் தோளுக்கும் (நாக்கு தொடங்கும் இடம்) சட்டத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் பொருத்தினால் நாக்கை முழுதாக உள்ளே தள்ளிவிடுங்கள், பலகை சுருங்கும்போது அது தானாக வெளியே வரும். குறுக்குச் சட்டங்களில் கட்டை காடி வழியே பக்கவாட்டில் நகரும், அங்கே இடைவெளி தேவையில்லை. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் நட்ட நடுவிலும் ஒரே ஒரு ஸ்க்ரூவை நிலையாகப் போடுங்கள், அசைவு இரு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும்.

காடி வெட்ட வசதி இல்லையா? சட்டத்தில் உள்ள பழைய ஸ்க்ரூத் துளைகளை மேற்பலகையின் அகலவாக்கில் நீளத் துளைகளாக்கி, பெரிய வாஷர் போட்டுப் பிடிக்கலாம். துளையின் நடுவில் ஸ்க்ரூ நிற்க வேண்டும், உயிர் போக இறுக்கக் கூடாது.

பாலிஷ் மேலே எத்தனை கோட்டோ அடியிலும் அத்தனை கோட்டு. அறுத்த முனைகளுக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவே கொடுங்கள். பாலிஷ் ஈரத்தை நிறுத்தாது, மெதுவாக்கும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் போய்வந்தால் வளைவு வராது.

எல்லாம் முடிந்த பிறகு, நீளச் சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி மேற்பலகையின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். பருவம் மாறியதும் பாருங்கள். கோடு சட்டத்தைவிட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகியோ சட்டத்துக்கு மேலே போய் மறைந்தோ இருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. போட்ட இடத்திலேயே நின்றால் எங்கோ ஒரு கட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தேடித் தளர்த்துங்கள்.